‘ழ’வுல ஒரு பாட்டு பாடுங்க

போன வருஷம் நம்ம கல்ச்சுரல்ஸ்ல ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தினது நான்தான். வந்திருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாமா பையன் கல்யாணத்துக்கு எடுத்த கறுப்பு பிளேசர், கையில கார்ட்லெஸ் மைக், வாயில பாதி தமிழ் பாதி இங்கிலீஷ். ஆடிட்டோரியம் ஃபுல். செமி ஃபைனல்ஸ்ல ஆறு பேர். அதுல ஒருத்தன் ஃபர்ஸ்ட் இயர் பையன், காட்டுமன்னார்கோயில் பக்கம் ஏதோ கிராமம். கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்து பட்டன் வரைக்கும் போட்டிருந்தான். எந்த எழுத்தைக் கொடுத்தாலும் கறுப்பு வெள்ளைப் படத்துப் பாட்டாவே பாடினான். அதுவும் பல்லவியோட நிறுத்த மாட்டான், சரணத்துக்குள்ள போயிடுவான். கூட்டத்துக்கு போர் அடிக்குதுன்னு எனக்கா ஒரு நெனப்பு. கொஞ்சம் கஷ்டமா ஒண்ணு கொடுப்போம்னு, “தம்பி, உனக்கு ‘ழ’. டென் செகண்ட்ஸ். யுவர் டைம் ஸ்டார்ட்ஸ் நவ்!”னேன்.

அவன் மைக்கைக் கீழ இறக்கிட்டு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னான்: “அண்ணா, தமிழ்ல ‘ழ’வுல எந்த வார்த்தையும் தொடங்காதுண்ணா.”

எனக்கு அது தெரியாது. சத்தியமா தெரியாது. பத்தாவது வரைக்கும் தமிழ் படிச்சேன், ப்ளஸ் ஒன்ல மார்க்குக்காக ஃப்ரெஞ்ச் எடுத்தேன். வகுப்புல தமிழ்ல பேசினா ஃபைன் போட்ட ஸ்கூல் அது. இங்க வந்து முதல் வருஷம் ‘தமிழர் மரபு’ பேப்பரை ஒரே ராத்திரியில படிச்சுப் பாஸ் பண்ணினவன். ஆனா மேடையில நிக்கிறப்ப “எனக்குத் தெரியலை”ன்னு சொல்ல வாய் வருமா? மைக்கை வாய்கிட்ட கொண்டு வந்து, “தமிழ் அய்யா வந்துட்டாருப்பா! எனக்கே கிளாஸ் எடுக்குறாரு! அய்யா, பெல் அடிச்சாச்சு, டைம் அப்!”னேன். ஆடிட்டோரியமே அதிர்ந்துச்சு. விசில். அன்னைக்கு சாயங்காலம் முழுக்க நான் வாங்கின சிரிப்புலயே பெரிய சிரிப்பு அதுதான். அந்தத் தம்பியும் சிரிச்சான். மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சு என்கிட்ட கொடுத்துட்டு இறங்கிப் போயிட்டான்.

அந்த ரீலை உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. நானே ஒரு மாசம் ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தேன்.

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னா, இந்த வருஷம் கல்ச்சுரல்ஸுக்கு ஆங்கர் லிஸ்ட் எடுக்குறாங்க. ஜூனியர்ஸ் நாலஞ்சு பேர் “அண்ணா டிப்ஸ் கொடுங்க”ன்னு மெசேஜ் பண்றாங்க. நம்ம இதழ் டீமும் ‘நல்ல ஆங்கர் ஆவது எப்படி’ன்னு ஒரு கட்டுரை கேட்டாங்க. எழுத உக்காந்தா டிப்ஸ் வரலை, இதுதான் வருது. பொறுத்துக்குங்க.

முதல்ல நாம எல்லாரும் ஏன் ஆங்கர் ஆக ஆசைப்படுறோம்னு ஒளிக்காமப் பேசுவோம். நம்ம காரணத்துக்கு ஒரு பேர் இருக்கு: சிவகார்த்திகேயன். திருச்சியில இன்ஜினியரிங் படிச்சவர். காலேஜ் மேடையில மிமிக்ரி பண்ணிக்கிட்டு இருந்தவர், விஜய் டிவியில ‘கலக்கப் போவது யாரு’வுல போட்டியாளரா போய் ஜெயிச்சார். அப்புறம் 2009ல ‘அது இது எது’ங்கிற கேம் ஷோவை நடத்த ஆரம்பிச்சார். 2012ல ‘மெரினா’, ‘3’. அங்கிருந்து 2024ல ‘அமரன்’ வரைக்கும் அவர் எங்க போய் நிக்கிறார்னு நான் சொல்லத் தேவையில்ல. அரியரும் அட்டெண்டன்ஸ் பிரச்சினையுமா இருக்கிற ஒவ்வொரு இன்ஜினியரிங் பையனுக்கும் அந்தக் கதை ஒரு ஆறுதல். நம்ம ஹாஸ்டல்ல மட்டும் ‘அடுத்த எஸ்.கே.’ குறைஞ்சது மூணு பேர் இருக்காங்க. ஒரு காலத்துல என்னையும் சேர்த்து நாலு.

அந்த மனுஷன் உழைப்புல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா அந்தக் கதையில இருந்து நாம எடுத்துக்கிட்ட பாடம் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுலதான் எனக்கு இப்ப சந்தேகம். ஆங்கரிங் ஒரு மாடிப்படி, மேல சினிமா இருக்கு, படியில கூட நிக்கிறவங்களை விட நாம பளிச்சுன்னு தெரிஞ்சா போதும். இதுதானே நாம படிச்சது? அப்படிப் படிச்சா, மேடையில நிக்கிற போட்டியாளர் நம்ம கண்ணுக்கு ஆளாத் தெரிய மாட்டான். நம்ம ஜோக்குக்கு மெட்டீரியலாத்தான் தெரிவான்.

இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினது எங்க அப்பா.

எங்க வீடு கடலூர் ஓ.டி., அதாவது முதுநகர். நான் தினமும் பஸ்ல ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி சிதம்பரம் வர்ற டே ஸ்காலர். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் ரீலை அப்பாகிட்ட பெருமையா காட்டினேன். சோறு சாப்பிட்டுக்கிட்டே பார்த்தார். சிரிக்கலை. “அந்தப் புள்ளை சொன்னது சரிதானே?”ன்னார். “சரிதாம்ப்பா, ஆனா டைமிங் பாரு”ன்னேன். “ஹமீது இப்படிப் பண்ண மாட்டாரு”ன்னு சொல்லிட்டு கை கழுவப் போயிட்டார்.

யார்றா அந்த ஹமீதுன்னு கேட்கிற வயசுதான் நமக்கெல்லாம். உங்க வீட்டுல நாப்பத்தஞ்சு வயசு தாண்டின யார்கிட்டயாவது ‘பி.எச்.அப்துல் ஹமீத்’னு சொல்லிப் பாருங்க. முகம் மாறும். நான் பஸ்ல ஒரு கண்டக்டர்கிட்ட சொல்லிப் பார்த்தேன், டிக்கெட் கிழிக்கிறதை நிறுத்திட்டு அந்தக் குரல்ல பேசிக் காட்டினார்.

இலங்கைக்காரர். இலங்கை வானொலியில அறிவிப்பாளர். நம்ம ஊருக்கும் அந்த வானொலிக்கும் என்ன சம்பந்தம்னு முதல்ல எனக்குப் புரியலை. தேடிப் படிச்சதும் ஒரு ‘அட’ வந்துச்சு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களுக்காக கொழும்பு பக்கம் ஏகலையில சக்தி வாய்ந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு வச்சாங்க. போர் முடிஞ்சதும் அது இலங்கை அரசு கைக்கு வந்துச்சு. அதை வச்சு 1949ல ‘ரேடியோ சிலோன்’. மூணு வருஷம் கழிச்சு, 1952ல, இங்க ஒன்றிய அமைச்சரா வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவுன்னு அகில இந்திய வானொலியில அதுக்குக் கதவை அடைச்சார். அவ்வளவுதான், மொத்த இந்தியாவும் கொழும்புப் பக்கம் காதைத் திருப்பிடுச்சு. இந்தியில அமீன் சயானியோட ‘பினாகா கீத்மாலா’ அந்த வருஷம்தான் அங்க ஆரம்பிச்சது. சினிமாப் பாட்டுக்காகன்னே 1957ல இங்க ‘விவித் பாரதி’யைத் தொடங்க வேண்டி வந்துச்சு. ஆனாலும் நம்ம ஆளுங்க இலங்கை வானொலியை விடலை. அதோட தமிழ்ச் சேவை 80கள் வரைக்கும் நம்ம டீக்கடையிலயும் திண்ணையிலயும் ஓடியிருக்கு. நமக்கு நடுவுல இருக்கிறது கடல் மட்டும்தானே. துறைமுகத்துப் பக்கம் படகுல வலை பிரிச்சுக்கிட்டே கேப்பாங்கன்னு அப்பா சொல்வார். எங்க ஆயா வீட்டுலயும் ஒரு டிரான்சிஸ்டர் இருந்துச்சாம். 2011 டிசம்பர்ல தானே புயல் வந்தப்ப ஓடு பறந்து, தண்ணி இறங்கி, அதுவும் போயிடுச்சு. எனக்கு அப்ப ஏழு வயசு. அந்த ரேடியோ எனக்கு ஞாபகமே இல்ல, புயல் மட்டும்தான் ஞாபகம்.

அந்த வானொலியில மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம்னு ஒரு பெரிய வரிசை. முகம் தெரியாத இந்த ஆளுங்களுக்கு இங்க சினிமா ஸ்டார் மாதிரி ரசிகர்கள் இருந்திருக்காங்க. அந்த வரிசையில வந்தவர்தான் அப்துல் ஹமீத். ‘பாட்டுக்குப் பாட்டு’ங்கிற நிகழ்ச்சியை ரேடியோவுல நடத்தி, அதையே மேடைக்குக் கொண்டு போய், பிறகு சன் டிவிக்குக் கொண்டு வந்தார். சன் டிவி தொடங்கினதே 1993 ஏப்ரல் 14ல. அந்த 90கள்ல ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ இல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்க அப்பா அம்மாவுக்கு ஞாபகத்துலயே இல்ல. புலம்பெயர்ந்த தமிழர்கள் இருக்கிற நாடுகளுக்கும் அந்த மேடை போச்சு. ‘தெனாலி’ படத்துல கூட வருவார், பாருங்க.

அதாவது நாம காலேஜ் காலேஜா நடத்துற இந்த ரவுண்டு காத்துல இருந்து வந்தது இல்ல. இதுக்கு ஒரு ஆள் இருக்கார். அவர் பேரே தெரியாம அவர் இடத்துல நின்னு பிளேசர் போட்டுக்கிட்டு நான் ‘ழ’ கொடுத்திருக்கேன்.

யூடியூப்ல பழைய எபிசோடுகள் கிடக்கு. செமஸ்டர் லீவுல ஒவ்வொண்ணா பார்த்தேன். முதல் பத்து நிமிஷம், ஒளிவு மறைவில்லாமச் சொன்னா, ஸ்லோவா இருந்துச்சு. 1.5 வேகத்துல வச்சேன். அப்புறம் திரும்ப நார்மலுக்கு வந்துட்டேன், ஏன்னா அந்தத் தமிழை வேகமா ஓட்டினா கெட்டுப் போகுது. ல, ள, ழ மூணும் மூணு சத்தமா கேக்குது. ர-வும் ற-வும் வேற வேறயா கேக்குது. ரேடியோவுல முகம் கிடையாது, பிளேசர் கிடையாது, புருவத்தைத் தூக்கிக் காட்ட முடியாது. இருக்கிறது உச்சரிப்பு ஒண்ணுதான். அதுலயே வாழ்ந்தவங்க டிவிக்கு வந்தா இப்படித்தான் இருப்பாங்க போல.

அப்புறம்தான் விளையாட்டையே கவனிச்சேன். இங்க கொஞ்சம் டெக்னிக்கலா போறேன், இன்ஜினியரிங் பசங்கதானே, தாங்குவீங்க. ட்ரெய்ன்ல நாம ஆடுற அந்தாக்ஷரியில பாட்டு எங்க முடியுதோ அந்தக் கடைசி எழுத்துல அடுத்த பாட்டு. தமிழ்ல இதை அப்படியே செஞ்சா சிக்கும். தமிழ்ல சொல்லுக்கு முதல்ல வர்ற எழுத்துக்கு விதி இருக்கு. நன்னூல் கணக்குப்படி உயிர் எழுத்து 12ம் வரும். மெய் 18ல க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங ஆகிய 10 வரிசைதான் வரும். அதுலயும் ‘ங’ பேருக்குத்தான். ட, ர, ல மூணையும் டீ, ரயில், லட்டுன்னு வெளியில இருந்து வந்த சொல்லை வச்சு ஓட்டிக்கலாம். ண, ன, ள, ழ, ற அஞ்சும் முதல்ல வரவே வராது. ஆனா சொல்லோட கடைசியில பாருங்க, இந்த அஞ்சும்தான் வரிசை கட்டி நிக்கும். கண், மான், அவள், தமிழ், காற்று, மழை. சினிமாப் பாட்டுல இதெல்லாம் இல்லாம ஒரு பல்லவி எழுத முடியுமா?

அப்ப பாட்டு ‘மழை’ன்னு முடிஞ்சா அடுத்தவருக்கு என்ன எழுத்து? அதைத் தீர்மானிக்க வேண்டியது நடத்துறவர். அந்த நொடியில தீர்மானிக்கணும். கொடுக்கிற எழுத்துல பாட்டு இருக்கணும், அது ரொம்பச் சுலபமாவும் இருக்கக் கூடாது, முன்னாடி ஒருத்தருக்குச் சுலபமா கொடுத்துட்டு இவருக்குக் கஷ்டமா கொடுத்தா அநியாயம். பாடினது சரியான வரியா, ரெண்டு பாட்டைக் கலந்து பாடிட்டாரா, ஏற்கெனவே இன்னொருத்தர் பாடின பாட்டா, எல்லாம் மண்டைக்குள்ள ஓடணும். நாம டேட்டாபேஸ் லேப்ல செர்ச், சார்ட்டுன்னு படிக்கிறது இதுதான், ஆனா இங்க மெமரி மனுஷனோடது, டைம் லிமிட் உண்டு, கூட்டம் வேற பார்த்துக்கிட்டு இருக்கு. இதை ‘சும்மா பேசுற வேலை’ன்னு நெனைச்சவன் நான். மொழியும் ஆயிரக்கணக்கான பாட்டும் தெரியாம அந்த நாற்காலிக்குப் பக்கத்துலயே போக முடியாது.

இதை விட என்னை உறுத்தினது வேற. போட்டியாளர் தடுமாறுற அந்த நேரம். ஒருத்தங்களுக்குப் பாட்டு நெஞ்சுல இருக்கு, நாக்குக்கு வரலை. உங்களுக்கும் எனக்கும் வைவாவுல நடக்குறதுதான். அந்த இடத்துல கேமரா முன்னாடி ஒரு தொகுப்பாளர் என்ன வேணாலும் பண்ணலாம். கிண்டல் பண்ணினா கட்டாயம் சிரிப்பு வரும், ஏன்னா தடுமாறுறவனைப் பார்த்துச் சிரிக்கக் கூட்டம் எப்பவும் ரெடி. நான் பார்த்த வரைக்கும் ஹமீத் அந்தச் சிரிப்பை எடுத்துக்கிட்டதே இல்ல. சின்னப் பிள்ளையா இருந்தாலும் ‘நீங்கள்’தான். காத்திருக்கிறார். நேரம் முடிஞ்சா முடிஞ்சதுன்னு தெளிவா சொல்றார், விதியில சலுகை கிடையாது. ஆனா தோத்தவங்க மேடையை விட்டுப் போகும்போது பாட வந்தவங்களாத்தான் போறாங்க, மாட்டிக்கிட்டவங்களா போகலை. நம்ம செமி ஃபைனல்ஸ் ரீலை ஒரு தடவை, இந்த எபிசோடு ஒரு தடவைன்னு மாத்தி மாத்திப் பார்த்தேன். ரெண்டாவது தடவைக்கு மேல என் ரீலைப் பார்க்க முடியலை.

மேடையில இருக்கிற எல்லாரும் ஜெயிக்கணும்னுதான் நிக்கிறாங்க. ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரே ஆள் நடத்துறவர். நான் அன்னைக்கு ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையனோட போட்டி போட்டேன், ஜெயிச்சேன், அதுக்குக் கைதட்டலும் வாங்கினேன். மைக்கும் பெல்லும் டைமரும் என் கையில. அவன் கையில இருந்தது ஒரு இலக்கண விதி.

“டேய், ரொம்ப ஓவரா போற. இப்பல்லாம் ரோஸ்ட் இல்லாம ஷோ ஓடுமா?”ன்னு என் ரூம்மேட் (எக்ஸாம் டைம்ல மட்டும் ரூம்மேட்) கேட்டான். நியாயமான கேள்வி. ‘அது இது எது’வுல ‘சிரிச்சா போச்சு’ ரவுண்டை எத்தனை தடவை பார்த்திருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல. அங்க கலாய் இல்லாட்டி நிகழ்ச்சியே இல்ல. ஆனா அங்க வந்து உக்காந்தவங்க சினிமா, டிவி பிரபலங்கள். கலாய்க்கத்தான் கூப்பிடுறாங்கன்னு தெரிஞ்சு வந்தவங்க, திருப்பிக் கொடுக்க அவங்க கையிலயும் மைக் இருக்கு, சிவகார்த்திகேயனும் தன்னையே முதல்ல கலாய்ச்சுக்குவார். அந்தக் கடைசி விஷயத்தை நாம யாரும் காப்பி அடிக்கலை. காப்பி அடிக்கச் சுலபமானதை மட்டும் எடுத்துக்கிட்டோம். ஸ்கூல்ல மேடையே ஏறாத ஒரு பொண்ணு, காலேஜ்ல முதல் தடவை பேர் கொடுத்துட்டு வந்து நிக்கிறப்ப அவளோட இங்கிலீஷைக் கலாய்க்கிறது ‘அது இது எது’ ஆகாது.

இன்னொரு வாதம், பெரிய ஷோவெல்லாம் ஸ்டார்தானே நடத்துறாங்க, அப்ப ஸ்டார் மாதிரி நடந்துக்கிறதுல என்ன தப்பு? சரி, அதையும் பார்ப்போம். 1998ல இங்கிலாந்துல வந்த ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ 2000ல அமிதாப் பச்சனோட இந்திக்கு வந்துச்சு. தமிழ்ல சன் டிவியில ‘கோடீஸ்வரன்’னு சரத்குமார். 2012ல விஜய் டிவியில ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யா சூர்யா, அடுத்து பிரகாஷ்ராஜ், 2016ல அரவிந்த்சாமி. 2019 கடைசியில கலர்ஸ் தமிழ்ல பெண்களுக்கு மட்டும் ‘கோடீஸ்வரி’, நடத்தினவர் ராதிகா. எல்லாருமே ஏற்கெனவே ஸ்டார். ஹமீத் அந்த மாடியில இருந்து இறங்கி வந்தவரும் இல்ல, அங்க ஏறப் போனவரும் இல்ல. அவருக்கு அந்த மேடைதான் ஊர். ஆனா அந்த ஸ்டார்களும் அந்த நாற்காலியில உக்காந்தப்ப என்ன பண்ணினாங்கன்னு பாருங்க. எதிர்ல இருக்கிறவர் கை நடுங்கினா தண்ணி குடிக்கச் சொன்னாங்க, குடும்பத்தைப் பத்திக் கேட்டாங்க, கேள்வியை நிதானமா படிச்சாங்க. ‘கோடீஸ்வரி’யில 2020 ஜனவரியில 1 கோடி ஜெயிச்சது மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா, காது கேட்காத, வாய் பேச முடியாத பெண். குரலும் வசனமும் தொழிலா இருக்கிற ஒரு நடிகைக்கு, தன் குரலே போய்ச் சேராத ஒருத்தர் எதிர்ல உக்காந்திருக்கார். அங்க எவ்வளவு பெரிய ஸ்டாரா இருந்தாலும் எதிர்ல இருக்கிறவரைப் பார்த்துத்தான் நடத்தியாகணும். தன்னைப் பார்த்து நடத்தினா ஆட்டமே நின்னுடும்.

நம்ம ஊர்ல இதைச் சொல்றது எனக்குக் கூடுதலா கூச்சமா இருக்கு. சிதம்பரத்துல உக்காந்துக்கிட்டு பாட்டைப் பத்தியும் தமிழைப் பத்தியும் தெரியாதுன்னு சொல்றது. 1940கள்ல கச்சேரியில தமிழ்ப் பாட்டு பாடணும்னு ராஜா அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை இயக்கத்தை நடத்தினது இதே அண்ணாமலை நகர்ல இருந்து. சிவராத்திரி சமயம் நாட்டியாஞ்சலிக்கு எங்கெங்கிருந்தோ வந்து ஆடுறாங்க, நாம கீழ வீதியில ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு வர்றோம். சரி, விடுங்க. குற்ற உணர்ச்சியைக் கட்டுரை பூரா தூவினா எடிட்டர் வெட்டிடுவா.

ஒரே ஒரு பிராக்டிகல் விஷயம் மட்டும் ஆங்கரிங்ல பேர் கொடுத்திருக்கிற ஜூனியர்ஸுக்கு. டிப்ஸ்னு கேட்டீங்கள்ல. மேடை ஏறுறதுக்கு முன்னாடி போட்டியாளர் லிஸ்டை வாங்கி, ஒவ்வொருத்தரோட பேரையும் அவங்க வாயால ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்க. நான் அன்னைக்கு அந்தத் தம்பி பேரைத் தப்பா கூப்பிட்டேன், மூணு தடவை. ரீல்ல இருக்கு. யாரும் கவனிக்கலை, நானும்தான்.

லீவு முடிஞ்சு வந்ததும் அவனைத் தேடிப் போனேன். இப்ப செகண்ட் இயர், சிவில். கேன்டீன் பின்னாடி உக்காந்து சர்வே லேப் ரெக்கார்டு எழுதிக்கிட்டு இருந்தான். “சாரிடா தம்பி, அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி”ன்னேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா, ஜாலிதானே”ன்னான், தலையைத் தூக்காம. அவ்வளவு பாட்டு எப்படித் தெரியும்னு கேட்டேன். அவங்க அம்மா நடவுக்குப் போறவங்க, வயல்லயும் வீட்டுலயும் பாடிக்கிட்டே இருப்பாங்க, கேட்டுக் கேட்டு வந்ததுன்னான். அன்னைக்கு ராத்திரி அந்த ரீலை அவங்க அம்மாவுக்கும் யாரோ அனுப்பியிருக்காங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு நான் கேட்கலை. அவனும் சொல்லலை.

இந்த வருஷம் பாட்டுக்குப் பாட்டை நீ நடத்துன்னு கேட்டேன். எனக்கு இருந்த ஒரே நல்ல ஐடியா அதுதான். “வேணாம்ணா”ன்னுட்டான். ஏன்டான்னா, “மேடை வேணாம்ணா, ரெக்கார்டு நிறைய கிடக்கு.” இது என் படமா இருந்தா அவன் ஒத்துக்கிட்டிருப்பான், கிளைமாக்ஸ்ல ஆடிட்டோரியம் எந்திரிச்சு நின்னு கை தட்டியிருக்கும். அப்படி நடக்கலை. நான் அன்னைக்கு எடுத்துக்கிட்டதை ஒரு சாரியில திருப்பிக் கொடுத்துட முடியாதுன்னு மட்டும் தெரிஞ்சுது.

ரீலை எடுத்துட்டேன். ஷேர் பண்ணியிருக்கிறவங்க நீங்களும் எடுத்துட்டா நல்லது. ஆங்கர் லிஸ்ட்ல இருந்து என் பேரையும் எடுத்துட்டேன். பாட்டுக்குப் பாட்டுக்கு மட்டும் பெல் அடிக்கவும் டைம் பார்க்கவும் கீழ மேஜையில உக்காருறேன்னு சொல்லியிருக்கேன். நடத்தப் போறது தேர்ட் இயர் இ.சி.இ. பொண்ணு ஒருத்தி. நல்லா பாடுவா, பாட்டு நிறைய தெரியும், நேத்து என்னை உக்கார வச்சு ல, ள, ழ சொல்லச் சொல்லி டெஸ்ட் பண்ணினா. பத்துக்கு ஆறு.

போன வாரம் அந்தத் தம்பி மெசேஜ் பண்ணியிருந்தான். எழுத்துச் சீட்டு மட்டும் வேணும்னா எழுதித் தர்றேண்ணான்னு. நேத்து பி.முட்லூர் ஸ்டாப்ல பஸ் நின்னப்ப அவன் அனுப்பின லிஸ்ட் வந்துச்சு. மொத்தம் 48 சீட்டு. பக்கத்துல ஒவ்வொண்ணுக்கும் சுலபம், நடுத்தரம், கஷ்டம்னு பென்சில்ல குறிச்சு ஃபோட்டோ எடுத்திருக்கான். ‘ங’வுக்கு நேரா மட்டும் ‘வேண்டாம்ணா’ன்னு எழுதியிருந்துச்சு.